அஸர் நேரத்தில் ஏறிய முள்

ஆவணி பிறந்து பத்து நாளாகியும் கச்சான் காற்று அடங்கவில்லை. கடலில் எழுந்து, களப்பைக் கடந்து, உப்பையும் மணலையும் ஒருசேர அள்ளிவந்த அக்காற்று, கரைத்தீவுக்கு அப்பால் இலவன்குளத்துக்குப் போகும் நெடுவீதியில் பகல் முழுவதும் ஓலமிட்டது. உடைமரங்கள் யாவும் ஒரே பக்கம் சாய்ந்து, ருகூவில் குனிந்து நிமிர மறந்த தொழுகை வரிசைபோல் நின்றன. குளங்கள் வற்றிச் சேறு வெடித்தது. வானில் முகில் இருந்தது. அதில் நீர் இல்லை. பிரிவுக்குப் பாலையையும் இரங்கலுக்கு நெய்தலையும் வகுத்த பழம்புலவர், நெய்தலுக்குரிய பொழுது எற்பாடு என்றனர். வெயில் சரிந்து, நிழல் நீண்டு, பகல் தன்னைத்தானே கைவிடும் நேரம் அது. அந்தக் கரையில் பாலையும் நெய்தலும் ஒன்றன்மேல் ஒன்றாகவே கிடந்தன. எற்பாட்டில் அங்கே இரங்குவன பறவைகள் மட்டுமே என்று ஹாசிம் நெடுநாள் நம்பியிருந்தார்.

போர் ஓய்ந்து ஐந்தாண்டு கழிந்த அந்த ஆவணியில்தான் கார் வந்தது.

ஹாசிமின் கராஜ் வீதியோரத்துத் தகரக் கொட்டகை. அக்கம்பக்கத்தில் வீடு கிடையாது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரின் தென்கரையிலிருந்து, வெள்ளிமடு என்ற ஊரே ஒரே பகலில் விரட்டப்பட்டபோது, உடுத்த சாரத்தோடு தோணியேறி வந்தவர் அவர். அதற்கு நாற்பது நாள் முன்னர்தான் மனைவி ஸுலைஹாவை அவ்வூர் மையவாடியில் அடக்கியிருந்தார். பின்பு மறுமணம் செய்யவில்லை. கொட்டகையின் பின்புறத்தில் ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு தொழுகைப் பாய். எஞ்சினில் எந்த நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அறிவதில் அந்த வீதியில் அவருக்கு நிகர் எவருமில்லை. ஆனால் அவரோடு கதைக்க எஞ்சினை விட்டால் யாருமில்லை.

மஸாஹிரின் லொறி காரை இழுத்துக்கொண்டு வந்து நின்றது. புத்தளத்திலிருந்து ஸ்பெயார் பார்ட்ஸ் கொண்டுவந்து கொடுப்பவன் மஸாஹிர். வாய் ஓயாதவன்.

"ஹாசிம் நானா! உங்களுக்கொரு மாப்பிள்ளையக் கொண்டு வந்திருக்கன். நாலு வருசம் தூங்கின மாப்பிள்ளை. எழுப்பிக் காட்டுங்க பாப்பம்."

"நீ தூக்கத்துக்குப் பேர்போனவன். நீயே எழுப்பியிருக்கலாமே."

"எழுப்பினனே! தேங்கின பெற்றோல எடுத்துப்போட்டுப் புதுசு அடிச்சன், பெட்டரியும் போட்டன். பிள்ளை மாதிரி எழும்பிச்சு. வண்ணாத்திவில்லு மட்டும் ஓடினன். தேத்தண்ணி குடிக்க நிப்பாட்டினன். அவ்வளவுதான்! பிறகு எவ்வளவு அடிச்சும் மையத்து."

சொல்லிக்கொண்டே காரை மூடியிருந்த படங்கை இழுத்தான். வெண்ணிறச் சிறு கார். இடப்புற மட்காட்டில் ஒரு பழைய ஒட்டு. அந்த ஒட்டைப் போட்டவர் ஹாசிமே.

"இது நெய்னார்ட கார்," என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

"ஓம். அவர்ட பொஞ்சாதி மர்ளியா ராத்தாதான் அனுப்பினவ. அவவும் மகள் ஹஃபீலாவும் வெள்ளிமடுவுக்குப் போகணுமாம், அவர்ட கப்றடிக்கு. அவர் போன அதே கார்ல. நீங்கதான் ஓட்டணுமாம்."

"வேற வண்டி கிடைக்காதோ?"

"நானும் அதத்தான் கேட்டன். 'அந்தக் கார் அவர அங்க விட்டுட்டு வந்தது. அதுவே என்னக் கொண்டுபோய் விடட்டும்' எண்டா. பொம்புளைகள்ட பிடிவாதம் உங்களுக்குத் தெரியாதே, நீங்க தனிச்ச ஆள்." சிரித்தவன், ஹாசிமின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை மடித்து வைத்தான்.

லொறி போயிற்று. காற்று மட்டும் மிஞ்சியது.

பொனெட்டைத் திறந்ததும் பெற்றோல் மணம் முகத்தில் அறைந்தது. எண்ணெய் அளக்கும் கம்பியை உருவினார். எண்ணெய் அளவுக்குறிக்கு மேலே நின்றது. தொட்டுப் பார்த்தால் நீர்த்திருந்தது, முகர்ந்தால் பெற்றோல். பிளக்குகளைக் கழற்றினார். இரண்டாவதும் மூன்றாவதும் கரியேறி நனைந்திருந்தன.

பெற்றோல் குழாயில் அழுத்தமானியைப் பொருத்திக் காரின் திறப்பைத் திருப்பினார். பின் இருக்கைக்கு அடியில் பம்ப் இரண்டு விநாடி முரன்று ஓய்ந்தது. முள் ஏறிக் குறியில் நின்றது. திறப்பை உருவிச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு வந்து பார்த்தார். முள் இறங்கிக்கொண்டிருந்தது. பெற்றோல் வரும் குழாயை நெரித்தார், இறங்கியது. மீளும் குழாயையும் நெரித்தார், அப்போதும் இறங்கியது. பம்பில் பிழையில்லை, குழாயிலும் இல்லை. ஒழுகுவது எஞ்சினுக்குள் பெற்றோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்.

அவருக்கு இது புதிய செய்தியன்று. நான்கு ஆண்டுகளாக அறிந்த செய்தி.

ஆயினும் முறைப்படி செய்தார். நான்கு இன்ஜெக்டர்களையும் அவற்றின் குழாயோடு சேர்த்துத் தூக்கி, அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அழுத்தம் ஏற்றிவிட்டுக் குந்தியிருந்து பார்த்தார். முதலாவதும் நான்காவதும் உலர்ந்திருந்தன. இரண்டாவதன் முனையில் ஒரு துளி திரண்டது. மூன்றாவதிலும் திரண்டது.

தாளில் மூன்று சொட்டு விழுந்தது. நின்றது. பின்பு மூன்று சொட்டு. நின்றது.

ஒழுகும் பொருளுக்கு அப்படியொரு கணக்கு இருப்பதை அவர் தம் தொழிலில் கண்டதில்லை. காற்றில் எங்கிருந்தோ பிற்பகல் தொழுகையான அஸருக்கான பாங்கு தேய்ந்து தேய்ந்து வந்தது. தாளை எடுத்துக் கசக்கி எறிந்தார். வுழூச் செய்யும்போது கைகளை மும்முறை கழுவினார். 

எதையும் மும்முறை செய்வது நெய்னாரின் வழக்கம். கதவைத் தட்டினாலும் மூன்று. ஹோர்ன் அடித்தாலும் மூன்று. வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் திறப்பைத் திருப்பி மூன்று அடி அடிப்பான், கையை எடுத்து 'பிஸ்மில்லாஹ்' என்பான், மறுபடி மூன்று.

நெய்னாரும் ஹாசிமும் ஒரே தோணியில் வந்தவர்கள். போர் முடிந்த மறு ஆண்டு, காட்டுக்குள் அடைபட்டிருந்த மன்னார் வீதி திறந்ததும், நெய்னாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளிமடுவில் எவரும் மீளக் குடியேறவில்லை. அது பெருவீதியிலிருந்து நாலு மைல் காட்டுக்குள் தனித்துக் கிடந்தது. ஆனால் அங்கே அவன் தாயை அடக்கிய கப்று இருந்தது. காரைக் கொண்டுவந்து, "மச்சான், இத ஒருக்காப் பாரு. நாளைக்கே போவம். உம்மாக்கு இருபது வருசமா ஒரு சலாம் சொல்லல்ல," என்றான்.

அன்றும் இதே முள் இப்படித்தான் இறங்கியது. "இன்ஜெக்டர் ரெண்டு ஒழுகுது. கொழும்பிலயிருந்து வரணும். ஒரு கிழமை பொறு," என்றார் ஹாசிம்.

"உம்மா மவுத்தான நாள் நாளைக்கு. ஓடுமா ஓடாதா?"

"ஓடும். சூட்டோட நிப்பாட்டினாத்தான் கரைச்சல். அதுக்கு ஒரு வழி இருக்கு. நான்தான் கூட வாறனே, நான் பாத்துக்கொள்றன்."

வழி மிக எளியது. சூடான எஞ்சினில் ஒழுகிய பெற்றோல் பிளக்கை நனைத்துவிடும். அக்ஸிலேட்டரை அடிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு திறப்பைத் திருப்பினால், இன்ஜெக்டர்கள் பெற்றோலை அடைத்துக் காற்றை மட்டும் விடும். பத்து எண்ணுவதற்குள் பிளக் உலர்ந்து எஞ்சின் பிடித்துக்கொள்ளும். காலை விட்டுவிட்டு அடிக்க அடிக்க இன்னும் நனையும். இதைச் சொல்ல ஒரு மூச்சுப் போதும். தாமே கூடப் போகிறவர் என்பதால் ஹாசிம் சொல்லவில்லை.

மறுநாள் வைகறைத் தொழுகையான சுபஹுக்குப் பின் கொட்டகை வாசலில் ஹோர்ன் மூன்று முறை ஒலித்தது. ஹாசிம் சட்டையணிந்து, தாழ்ப்பாளில் கை வைத்தபடி, உள்ளே இருட்டில் நின்றார். இருபது ஆண்டுக் காடு மூடிய மையவாடியில் ஸுலைஹாவின் மீஸான் கல்லைத் தேடுவதும், தேடிக் காணாமற் போவதும் கண்முன் வந்தன. கை தாழ்ப்பாளை இழுக்கவில்லை. ஹோர்ன் மறுபடி மூன்று முறை ஒலித்தது. பின்பு கார் தனியே போயிற்று.

அவர்கள் கூட்டத்தில் ஒரு முறை உண்டு. மையவாடியை அடைந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் கப்றுவாசிகளுக்குச் சலாம் சொல்வார்கள். மரித்தோர் வாசலில் இரைச்சல் கூடாது. நெய்னாரும் நிறுத்தியிருப்பான்.

மூன்றாம் நாள் இராணுவத்தினர் அவனை ஒரு வற்றிய குளக்கட்டில் கண்டெடுத்தார்கள். வெயிலும் தாகமும், வேறு காயமில்லை. தாயின் அருகிலேயே அடக்கினார்கள். காரின் பெட்டரி முற்றாக இறங்கிக் கிடந்தது. பக்கத்தில் தொழுகைப் பாய் விரித்தபடி இருந்தது. அவன் கொண்டுபோன ஐந்து லீற்றர்த் தண்ணீர்க் கலன் மட்டும் மையவாடிக்குள்ளே வெறுமையாய்க் கிடந்தது.

அந்தக் கதவுக்குப் பின்னால் தாம் நின்றதை ஹாசிம் யாருக்கும் சொன்னதில்லை.

மறுநாள் முற்பகல் மஸாஹிர் நான்கு புதிய இன்ஜெக்டர்களைக் கொண்டுவந்தான். ஹாசிம் நான்கையும் மாற்றினார். எண்ணெயை மாற்றினார். பிளக்குகளை மாற்றினார். வண்டியைச் சூடேற ஓட்டி, வந்து நிறுத்தி, அழுத்தமானியைப் பொருத்தினார். முள் குறியில் நின்றது. நண்பகலில் லுஹர் தொழுகைக்குப் போய் வந்தார், அசையவில்லை. பாணும் சம்பலும் உண்டார், அசையவில்லை. நோய் தீர்ந்தது என்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்.

கொட்டகைக்குள் நிழல் நீண்டது. தகரத்தைக் காற்று தட்டியது. அஸர் பாங்கு தேய்ந்து வந்தது.

முள் அசைந்தது.

இறங்கவில்லை. ஏறியது.

பின் இருக்கைக்கு அடியில் பம்ப் முரன்றது. இரண்டு விநாடி. ஓய்ந்தது.

ஹாசிம் சுவரைப் பார்த்தார். திறப்பு ஆணியில் தொங்கியது.

பம்ப் மறுபடி முரன்றது. ஓய்ந்தது. மறுபடி முரன்றது.

மூன்று.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு மனிதன் 'பிஸ்மில்லாஹ்' சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் எல்லாம் அடங்கியிருந்தது. அதன்பின் எஞ்சின் தானே சுழன்று இருமியது. பிடிக்கவில்லை. இருமியது. பிடிக்கவில்லை. இருமியது.

பாய்ந்து போய்ப் பெட்டரியின் வயர்களைக் கழற்றினார். அமைதி. விரல்களில் பெற்றோல் மணம் ஏறியிருந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். காலையில் இட்ட புது பிளக், மூன்றாவது, சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

'வயர் எங்கோ உரசுகிறது,' என்று தமக்கே சொன்னார். இருட்டும்வரை ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்தார். ஓரிடத்திலும் உரசலில்லை. பெட்டரியைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்தார், உறங்கவில்லை.

மூன்றாம் நாள் மர்ளியா வந்தாள். கறுப்பு அபாயாவில் காற்று படபடக்க, ஒரு கையில் சோற்றுப் பார்சலும் மறுகையில் நீல நிறத் தண்ணீர்க் கலனுமாக ஓட்டோவிலிருந்து இறங்கினாள். கூடவே ஹஃபீலா.

"நானா, சோறு கொண்டாந்திருக்கன். நீங்க பாணத் திண்டு பாண் மாதிரியே வெளுத்துப்போனீங்க."

"வாங்க தங்கச்சி. வண்டி… இன்னும் ஒரு நாள் வேணும்."

"மஸாஹிர் எல்லாம் சரியெண்டானே?"

"மஸாஹிர் சொல்றதக் கேட்டா ஆடும் ஆகாயத்தில பறக்கும்."

ஹஃபீலா சிரித்தாள். மர்ளியா சிரிக்கவில்லை. கதிரையில் அமர்ந்து கலனை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது அவர்ட கலன் நானா. இதுதான் எனக்கு விளங்காத கணக்கு. அஞ்சு லீற்றர் தண்ணி கொண்டுபோனவர் தண்ணியில்லாம எப்படி மவுத்தாகுவார்? தூக்கமில்லாம எத்தனையோ நாள் யோசிச்சிட்டன். அங்க போய் அந்த இடத்தப் பாத்தாத்தான் எனக்கு ஆறும்."

 ஹாசிமின் கண் கொட்டகை வாசலில் நீளும் நிழலில் இருந்தது. "நீங்க அஸருக்கு முந்திப் போயிருங்க," என்றார். "இங்க காத்துக் கூட."

"காத்துக்குப் பயந்தா இந்த ஊர்ல இருக்கேலுமா?"

பாங்கு வந்தது.

பெட்டரி மேசைமேல் இருந்தது. வயர்கள் அந்தரத்தில் தொங்கின. திறப்பு ஆணியில் தொங்கியது.

பம்ப் முரன்றது.

ஹஃபீலா தாயின் கையைப் பற்றினாள்.

மூன்று முறை முரன்றது. ஓய்ந்தது. எஞ்சின் இருமியது. மூன்று முறை. ஓய்ந்தது.

மர்ளியாவின் உதடு அசைந்தது. அவள் பயத்தில் கத்துவாள் என்று ஹாசிம் எதிர்பார்த்தார். அவளோ மெல்ல எழுந்து, காரை நோக்கி ஓரடி வைத்து, சமையலறையிலிருந்து கணவனின் காலடியைக் கேட்டவளைப்போல் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இது அவர்ட அடி," என்றாள். "இப்ப பிஸ்மில்லாஹ் சொல்லுவார்."

எஞ்சின் மறுபடி மூன்று முறை இருமியது.

"நானா," என்றாள் அவள், காரிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்தக் காருக்கு அண்டைக்கு என்ன குறை எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

தகரத்தில் காற்று ஓலமிட்டது. இனி ஒளிக்கக் கதவில்லை.

"தெரியும்," என்றார் ஹாசிம். சொல்லத் தொடங்கியதும் எல்லாமே வந்துவிட்டன: இறங்கிய முள், சொல்லாமல் விட்ட வழி, இருட்டில் தாழ்ப்பாளில் இருந்த கை, ஆறு ஹோர்ன். "நான் திறக்கல்ல தங்கச்சி. உள்ளதான் நிண்டன். போயிருந்தா ஒரு நிமிசத்தில எடுத்திருப்பன். சொல்லியிருந்தாலும் அவனே எடுத்திருப்பான்."

 கலனின் பிடியில் மர்ளியாவின் விரல்கள் வெளுத்திருந்தன. ஹஃபீலா ஹாசிமை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எஞ்சின் இருமியது. சோர்ந்த இருமல்.

"எனக்குச் சொல்லி என்ன நானா," என்றாள் மர்ளியா கடைசியில். "அவருக்குச் சொல்லுங்க. இன்னும் அடிச்சுக்கொண்டுதானே இருக்கார்."

ஹாசிம் நடந்தார். பத்தடி தூரம் பாலைநில வழியாய் நீண்டது. இடப்பக்கக் கதவைத் திறந்தார். அது நான்கு ஆண்டுகளாக அவருக்குரியதாய் வெறுமை காத்த இருக்கை. அமர்ந்தார். கதவைச் சாத்தினார்.

உள்ளே காற்றில்லை. பெற்றோலும் வெயிலில் காய்ந்த வியர்வையும் மணத்தன. ஓட்டுநர் இருக்கை நெட்டையான ஒருவனுக்காகப் பின்னே தள்ளியிருந்தது. நேற்று வண்டியை ஓட்டியபோது அதை முன்னே இழுத்துவிட்டவர் அவரே.

இருக்கையின் தோலில், ஒருவர் அமர்ந்தால் விழும் குழி விழுந்திருந்தது.

அவர் அதைப் பார்க்கவில்லை. நேரே பார்த்தபடி முணுமுணுத்தார்.

"மச்சான்."

பம்ப் நின்றது. ஒன்றும் அசையவில்லை.

"மச்சான், கால எடுத்து எடுத்து அடிக்காத. நனைஞ்சுபோச்சு. அக்ஸிலேட்டர அடிமட்டும் மிதி. மிதிச்சபடியே அடி. பத்து எண்ணு. பிடிக்கும்."

காத்திருந்தார்.

அவர் கண் தானாகவே தாழ்ந்தது. ஆளில்லாத காலின்கீழ், அக்ஸிலேட்டர் மெல்ல, மெல்ல, அடிவரை அமிழ்ந்தது.

எஞ்சின் சுழன்றது. ஒன்று, இரண்டு, மூன்று. அவர் வாய்க்குள் எண்ணினார். நான்கு, ஐந்து, ஆறு. கரும்புகை கொட்டகையை நிறைத்தது. ஏழு, எட்டு. ஹஃபீலா இருமும் ஒலி கேட்டது. ஒன்பது.

பிடித்துக்கொண்டது.

முழங்கி எழுந்த எஞ்சின் சிறிது நேரத்தில் தணிந்து, பிசிறின்றி, தாலாட்டைப்போல் சீராக ஓடியது. புகை வெளுத்து மறைந்தது. பின்பு, யாரோ திறப்பைத் திருப்பியதுபோல், மரியாதையாய் நின்றது.

இருக்கையின் குழி மெல்ல நிமிர்ந்தது.

அழுத்தமானியின் முள் குறியில் நின்றது. அன்றும் மறுநாளும் அது அசையவில்லை.

வெள்ளிக்கிழமை கழிந்த மறுநாள் மூவரும் புறப்பட்டனர். இலவன்குளத்துக்கு அப்பால் வீதி காட்டுக்குள் நுழைந்தது. பாலை மரங்களும் வீரை மரங்களும் இருபுறமும் புழுதி படிந்து நின்றன. ஹஃபீலா வழிமுழுதும் ஹாசிமோடு ஒரு சொல்லும் பேசவில்லை. மர்ளியா மட்டும் ஒருமுறை, "மெதுவாப் போங்க நானா, அவர் எங்கயும் ஓடமாட்டார்," என்றாள். பெருவீதியை விட்டிறங்கிய நாலு மைல் முட்பாதையை வெட்டி வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. மையவாடி வாசலை அடைந்தபோது நிழல்கள் நீண்டிருந்தன.

ஹாசிமின் கை திறப்பின்மேல் இருந்தது. எஞ்சின் கொதித்திருந்தது. நிறுத்தினால் அது எழும் என்பதற்கு அவரிடம் இருந்த சாட்சி ஓர் அழுத்தமானி மட்டுமே.

"நிப்பாட்டுங்க," என்றாள் ஹஃபீலா. அன்று அவரிடம் அவள் பேசிய முதற்சொல். "கப்றடியில சத்தம் கூடாது."

நிறுத்தினார். திறப்பை உருவிச் சட்டைப் பையில் இட்டார். காடு மௌனத்தால் அவர்களை மூடியது.

"அஸ்ஸலாமு அலைக்கும், கப்றுகளில் உறங்குவோரே," என்று மூவரும் மெல்லிய குரலில் சொன்னார்கள்.

நெய்னாரின் கப்று வாசலுக்கு அருகே இருந்தது. தாய்க்கும் மகனுக்கும் நடுவே ஒரு முழம்தான். மண் வெடித்து வறண்டிருந்தது. மர்ளியா தலைமாட்டில் குந்தி, தான் கொண்டுவந்த கலனைத் திறந்து, கப்றின்மேல் நீர் தெளித்தாள். மண் அதை ஒரு நொடியில் குடித்தது.

ஹாசிம் தனியே உள்ளே நடந்தார். இருபத்து நான்கு ஆண்டுக் காடு. முட்செடி முழங்காலைக் கிழித்தது. கண்டுபிடிக்க முடியாது என்று அஞ்சி வந்தவருக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஓரிடத்தில் மட்டும் முள் வெட்டப்பட்டிருந்தது. புல்லும் முளைக்காத அச்சதுரத்தின் நடுவே, சாய்ந்திருக்க வேண்டிய ஸுலைஹாவின் மீஸான் கல் நிமிர்ந்து, சுற்றிலும் சிறு கற்கள் அணைகொடுக்க நின்றது.

தன் தாயின் கப்றுக்கு ஒரு பங்கும், வராத நண்பனின் மனைவிக்கு மீதியுமாக நெய்னார் வார்த்த ஐந்து லீற்றரும் போன வழி அவருக்கு விளங்கியது. பின்னால் வந்து நின்ற மர்ளியாவுக்கும் விளங்கியது. "அல்லாஹ்," என்றாள்.

ஹாசிம் மண்டியிட்டுக் கப்றின் மண்ணைத் தொட்டார்.

ஈரம்.

ஐந்து மாதமாக மழை காணாத காட்டில், நான்கு ஆண்டுக்கு முன் ஊற்றிய நீர், இப்போது ஊற்றியதுபோல் குளிர்ந்து விரலில் ஒட்டியது.

வாசற்பக்கத்திலிருந்து காரின் ஹோர்ன் ஒலித்தது.

மூன்று முறை.

ஹஃபீலா அவர் தோளுக்கு அருகேதான் நின்றாள். திறப்பு அவர் சட்டைப் பையில் நெஞ்சோடு இருந்தது. காரில் யாருமில்லை.

"வாறன் மச்சான்," என்றார் ஹாசிம், உரத்து, காடு கேட்க. "ஒரு சலாம் சொல்லிட்டு வாறன்."

ஈரமண் ஒட்டிய கைகளை ஏந்தி, நண்பனின் தாய்க்கும், நண்பனுக்கும், தம் மனைவிக்குமாக மூன்று பாத்திஹா ஓதினார். மூன்றாவது முடியும் தறுவாயில் ஹஃபீலாவின் குரலும் அவரோடு சேர்ந்து ஆமீன் சொன்னது.

வழியில் நின்றுபோனவர்க்கு இறைவன் வழி திறப்பானாக. வாசலில் அழைத்தவர்க்கு மறுமொழி கிடைப்பதாக. தம் நீரைப் பிறர்க்கு வார்த்தவரை அருளாளன் சுவனத்துக் கவ்ஸர்த் தடாகத்துக் குளிர்நீர் புகட்டி ஆற்றுவானாக. ஆமீன்.